மாமாவைப் பிடிக்கப் போன கடற்கரைகள்

என் அக்கா வீட்டுக்காரர் லைஃப்கார்டு. கடலில் குளிக்க வருகிறவர்கள் சிவப்புக் கொடியைத் தாண்டிப் போனால் விசில் ஊதித் திரும்ப அழைப்பதும், திரும்பாதவர்களை நீந்திப் போய் இழுத்துக்கொண்டு வருவதும் அவர் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் அவரை ‘விசில்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயால் பேசியதைவிட ஊதியதுதான் அதிகம். எனக்கு அவர் மாமா. அவர்கள் மாடியில் இருக்கிறார்கள், நான் கீழே தையல் மெஷினோடு இருக்கிறேன். உப்பு ஏறி அட்டை மாதிரி விறைத்துப்போன அவருடைய சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக் கொடுக்கிறவள் நான். ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எங்கள் ஊரில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கடைசியில் ஒரு கடற்கரையில்தான் கொண்டுபோய் விடும். எங்கெங்கிருந்தோ விமானம் ஏறி வந்து, தோல் உரியும்வரை மணலில் படுத்துக் கிடந்துவிட்டுப் போகிறார்கள். கடலிலேயே சம்பளம் வாங்குகிற மனிதரின் பெண்டாட்டியான என் அக்கா மட்டும் கடலைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தாள். “ஒரு நாள் கூட்டிட்டுப் போங்களேன்” என்று வாயைத் திறந்தால் போதும், மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

“கடல் என்ன பொருட்காட்சியா? சிரிச்சுக்கிட்டே வந்து காலுக்கடியில இருக்கிற மண்ணை உருவிட்டுப் போயிரும். அதை நம்பி என் வீட்டு ஆளுங்களை நான் கூட்டிட்டு வரமாட்டேன்.”

அவருக்குக் கடல்மேல் சந்தேகம். காற்று நின்றால் சந்தேகம், அலை சின்னதாக வந்தால் கூடுதல் சந்தேகம். நண்பர்களோடு வந்து, தனக்கு நீச்சல் தெரியும் என்று சத்தம் போட்டுச் சொல்கிறவன்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம். எங்கள் குடும்பத்துக்குள் அந்தக் குணம் அவர் வழியாகத்தான் வந்தது. கடைசியில் அது அவர்மேலேயே திரும்பிவிட்டது.

ஒரு நாள் யாருடைய காற்சட்டைக்கோ நான் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தபோது அக்கா இறங்கி வந்து, துணி மூட்டையின்மேல் உட்கார்ந்தாள்.

“ஏண்டி, ஒரு ஆம்பளை திடீர்னு எல்லாத்துக்கும் சரி சரின்னா என்ன அர்த்தம்?”

“எதுக்கு சரின்னாரு?”

“கேஸ் தீந்துபோச்சுன்னேன், சரின்னாரு. குழாய் ஒழுகுதுன்னேன், அதுக்கும் சரி. உங்க தங்கச்சி ஒரு மாசம் தங்கறதுக்கு வர்றாளாம்னேன். தலையை ஆட்டிச் சிரிக்கறாருடி.”

நான் மெஷினை நிறுத்தினேன். தன் தங்கச்சி ஒரு மாசம் தங்க வருகிறாள் என்பதைக் கேட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை மாமா. அந்த அம்மாள் இரண்டு நாள் தங்கினாலே அவர் விடுப்பில்லாமல் வேலைக்குப் போகிறவர்.

“இன்னொண்ணு” என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. “நான் பேசினா என் வாயையே பாக்கறாரு. கல்யாணம் ஆன புதுசுலகூட இப்படிப் பாத்ததில்ல. போன் பண்ணா எடுக்கறதில்ல. ஆனா அதுல எதையோ டைப் அடிக்கறாரு, சிரிக்கறாரு, மறுபடி அடிக்கறாரு.”

பாம்பின் கால் பாம்பறியும். என் வீட்டுக்காரனும் ஒரு காலத்தில் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டு ஓவர்டைம் போனான். அந்த ஓவர்டைமுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகின்றன. ஆகவே நான் அக்காவிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “மேல போய் அவரு சட்டையை எடுத்துட்டு வா” என்றேன்.

கொண்டுவந்தாள். முதலில் தொட்டுப் பார்த்தேன். துணி துவண்டு கிடந்தது, உப்பே இல்லை. கடலில் இறங்குகிற மனிதனின் சட்டை இப்படி இருக்காது. பிறகு முகர்ந்து பார்த்தேன். ஷாம்பு. பெண்கள் போடுகிற பூ வாசனை ஷாம்பு. மாமாவின் தலையில் ஷாம்பு போடும்படி எதுவும் மிச்சம் இல்லை. இன்னொரு தடவை முகர்ந்தேன். அங்கேதான் எனக்கு வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது.

“ஒருத்தி இல்லக்கா. இதுல மூணு விதமான வாசனை வருது.”

அக்கா சட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மடிப்புக் கலையாமல் அதை மடித்தாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துத்தான் பழக்கம்.

“அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னா, நான் கீழ வந்துடறேன். உன் மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போடு” என்றாள். “பொய்யோட ஒரே கூரைக்குக் கீழ என்னால படுக்க முடியாது. ஆனா கண்ணால பாக்காம நான் எதையும் செய்யமாட்டேன்.”

லைஃப்கார்டுகளை இன்றைக்கு இந்தக் கடற்கரை, அடுத்த வாரம் அந்தக் கடற்கரை என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். எங்கே வேலை என்று கேட்டால் மாமா “கடல்லதான்” என்பார். இது ஒரு பதிலா? அதனால் அக்காவுக்குக் கடையில் வார விடுப்பு வருகிற நாட்களில் ஒவ்வொரு கடற்கரையாகப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். இப்படியாக என் அக்கா, வாழ்க்கையில் முதல் தடவையாக, கடற்கரை பார்க்கக் கிளம்பினாள்.

முதலில் பெரிய ஓட்டல்களுக்கு முன்னால் இருக்கிற கடற்கரைக்குப் போனோம். மணலைச் சீப்பால் வாரின மாதிரி வைத்திருந்தார்கள். பலூன்காரர்கள், போட்டோக்காரர்கள், குதிரைமேல் ஏற்றிவிடுகிறவர்கள் என்று ஆளாளுக்கு எங்களை மறித்தார்கள். அக்கா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு குடையை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள். அந்தக் கோலத்தில் எங்களைத் திரும்பிப் பார்க்காத ஆளே இல்லை. உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்த லைஃப்கார்டிடம் நான் போய், “விசில்னு ஒருத்தர் இருப்பாரே, இன்னைக்கு வரலையா?” என்று சாதாரணமாகக் கேட்டேன்.

அவன் கீழே நின்ற இன்னொரு லைஃப்கார்டைப் பார்த்தான். கீழே நின்றவன் கடலைப் பார்த்தான்.

“அவரு இப்ப இங்க இல்லைங்க.”

“எங்க போட்டிருக்காங்க?”

“தெரியலைங்களே. நீங்க யாரு?”

“தெரிஞ்சவங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். கூட வேலை பார்க்கிற ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியாதாம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் குடையை இன்னும் இறக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்தது துறைமுகத்துப் பக்கம். மணல் கறுப்பாக, காலில் எண்ணெய் ஒட்டியது. துருப்பிடித்த படகு ஒன்றின் நிழலில் நாய்கள் படுத்திருந்தன. குளிக்கிறவர்களே இல்லாத அந்த இடத்தில் ஒரே ஒரு லைஃப்கார்டு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வயதானவர், மாமாவைத் தெரியும் என்றார். “நல்ல மனுஷன். பாவம்” என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்பதுபோல் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.

“எதுக்கு பாவம்?” என்று அக்கா பஸ்ஸில் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். “அவ ஏதாவது பணம் பிடுங்கறாளோ? உடம்பு சரியில்லாதவளோ? குழந்தை இருக்கோ?” ‘அவ’ என்று சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள். முகமே இல்லாத ஒருத்தி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

மூன்றாவது கடற்கரை ஜோடிகளுக்கானது. மரத்தடியில், படகு மறைவில், எங்கே பார்த்தாலும் ஒரு குடை, குடைக்குக் கீழே நான்கு கால்கள். மாமாவின் காலை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லுவேன், கட்டை விரல் நகம் பாறையில் அடிபட்டுக் கறுத்துப்போனது. நான் ஒரு வரிசை, அக்கா ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டு குடை குடையாகப் பார்த்துப் போனோம். ஒரு குடைக்குள் நான் கொஞ்சம் அதிகமாகவே குனிந்துவிட்டேன்.

“என்ன ஆன்ட்டி, உள்ள இடமில்ல” என்றது ஒரு பெண் குரல்.

அன்றைக்குத் திரும்பும்போது அக்கா சிரித்துவிட்டாள். பிறகு சிரித்ததற்காகத் தன்மேலேயே கோபப்பட்டாள். அந்த வாரம் முழுக்க மாமா மேலே எப்போதும்போல் சாப்பிட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், அக்காவின் வாயைப் பார்த்தார். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்று நான் கீழேயிருந்து எண்ணெய் ஊற்றினேன்.

கடைசியாக மிச்சம் இருந்தது, ஊருக்கு வெளியே, குடும்பம் குடும்பமாக வருகிற கடற்கரை. பஸ் நிற்கிற இடத்தில் நுழைவாயில், அதற்கு அந்தப் பக்கம் நல்ல தண்ணீரில் குளித்து உடை மாற்றுகிற அறைகள், அதன் முன்னால் பெரிய வரிசை. வரிசையில் இடிபடாமல் பக்கவாட்டு வழியாக மணலில் இறங்கினோம். மூன்று இளவட்டங்கள் காவலுக்கு இருந்தார்கள். மாமா இல்லை.

“இங்கயும் இல்லையா” என்றாள் அக்கா. கருப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இனி யாருக்காக அது? அப்போதுதான் அவள் கடலை நேராகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். தெளிந்த பச்சைத் தண்ணீர், அலை மெதுவாக வந்து மெதுவாகப் போனது.

“கொஞ்சம் காலை நனைச்சுட்டு வரட்டுமாடி?” என்று, என்னைவிட மூத்தவள், என்னிடம் அனுமதி கேட்டாள். எனக்கு மாமாமேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது.

நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் மருந்து டப்பா அடுக்குகிறவள் அல்லவா, தன் செருப்பை மணலில் ஜோடி சேர்த்து, நுனி கடலைப் பார்க்க, கோடு போட்ட மாதிரி வைத்தாள். மடக்கிய குடையை அதன்மேல் குறுக்காக வைத்தாள். ஓரமாகவே நடந்து பாறைகளுக்கு அந்தப் பக்கம் போனோம். அங்கே முழங்காலளவு தண்ணீர் குளம்போல் தேங்கியிருந்தது. துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா இறங்கினாள். நுரை வந்து காலில் கிச்சுக்கிச்சு மூட்டியது. வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

“அவளை இங்கெல்லாம் கூட்டிட்டு வந்து காட்டியிருப்பாரோ?”

பதில் சொல்வதற்குள் பாறைக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, விடாமல் மாற்றி மாற்றி ஊதினார்கள். ஏறிப் பார்த்தோம். குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் கரைக்கு விரட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் செருப்பு விட்ட இடத்தில் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் ஆள், முழுக்காற்சட்டையோடு, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி ஆட, தண்ணீரைப் பார்த்து ஓடினார். முதல் அலையிலேயே தலைகுப்புறப் பாய்ந்தார்.

“உன் மாமாடி!” என்றாள் அக்கா.

இறங்கி ஓடினோம். இளவட்டங்களில் ஒருவன் மிதவைப் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தான். இன்னொருவனைப் பிடித்து என்ன ஆச்சு என்று கேட்டேன்.

“ஒரு பொம்பளை கடலுக்குள்ள போயிருக்காங்க. செருப்பு மட்டும்தான் கிடக்குது.”

“அது என் செருப்பு” என்றாள் அக்கா.

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். “அப்படியா வச்சிட்டுப் போவீங்க? குளிக்க வர்றவங்க உதறி விட்டுட்டு ஓடுவாங்கக்கா. ஜோடி சேத்து, கடலைப் பாத்து, மேல பொருளையும் வச்சிட்டுப் போனா...” மீதியைச் சொல்லாமல் விழுங்கினான். “விசில் அண்ணன் கூட்டத்தைப் பாத்துட்டுதான் வந்தாரு. அந்தச் செருப்பைப் பாத்ததும் ஒரு வார்த்தை பேசல. ஓடிட்டாரு.”

அந்தச் செருப்பின் அறுந்த வாரை நான்தான் நீல நைலான் நூல் போட்டுத் தைத்திருந்தேன். ஊரில் அப்படி இன்னொரு செருப்பு கிடையாது.

“என்னங்க!” என்று அக்கா கத்தினாள். “நான் இங்க இருக்கேங்க! என்னங்க!” ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிற குரல் அவளுக்கு. மாமா ஒன்றும் அவ்வளவு தூரத்தில் இல்லை. மூழ்கினார், எழுந்தார், சுற்றிப் பார்த்தார், திரும்பவும் மூழ்கினார். “கூப்பிடறேன்ல, திரும்ப மாட்டேங்கறாரே! எங்க பாக்கறாரு மனுஷன்?”

“கத்தாதீங்கக்கா” என்றான் அந்தப் பையன். “அவருக்குக் கேக்காது.”

“ஏன் கேக்காது?”

“உங்களுக்குத் தெரியாதா? காது போயிருச்சு. ஒண்ணு சுத்தமா, இன்னொண்ணு முக்காவாசி. எத்தனை வருஷமா உப்புத் தண்ணி, இந்த விசில் வேற. டெஸ்ட் வச்சாங்க, தண்ணியில இறங்கவே கூடாதுன்னு எடுத்துட்டாங்க. இப்ப குளிக்கற ரூமுக்குச் சாவி குடுக்கறாரு, ஷாம்பு பாக்கெட் விக்கறாரு. எங்ககிட்ட பேசறதுகூட போன்ல டைப் அடிச்சுதான். வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு எல்லாரும் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கோம்.”

மூன்று வாசனை! என் மூக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் அக்கா என்னைத் திட்டுகிற நிலையில் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள், நான் பின்னால் போய் அவள் துணியைப் பிடித்துக்கொண்டேன். மாமா மறுபடி மூழ்கினார். இந்தத் தடவை எழவில்லை. அலை வந்தது, போனது, மேலே யாரும் இல்லை. “போதுங்க, போதுங்க, வந்துருங்க” என்று கேட்காத காதுக்கு அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். என் வாயும் சேர்ந்து சொன்னது. என் வாழ்க்கையில் நான் அப்படிப் பயந்ததில்லை.

கொடிக்கு அப்பால் ஒரு கை தெரிந்தது. பலகைக்காரன் போய்ப் பிடித்துவிட்டான். மாமா அவனைத் தள்ளினார். ஆழத்தைக் காட்டினார், அங்கே போ என்று. அவன் என்னவோ சொல்கிறான், இவர் திமிறுகிறார். கடைசியில் அவன் மாமாவின் தாடையைக் கையில் பிடித்து முகத்தைக் கரைப் பக்கம் திருப்பினான்.

மாமா அக்காவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கையைக் காலை அசைக்கவே இல்லை, பலகையில் போட்டு இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

மணலில் மண்டியிட்டு உப்புத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தவரின் முதுகில் அக்கா இரண்டு கைகளாலும் அடித்தாள். “சொல்லியிருக்கலாம்ல! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!” அவர் தலையை நிமிர்த்தி அவள் வாயைப் பார்த்தார்.

“மெதுவா சொல்லு. முடி மறைக்குது.”

அக்கா முகத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

“நீ எதுக்கு இங்க வந்த?” என்று கேட்டார் மாமா. இருமலுக்கு நடுவிலும் அந்தப் பழைய சந்தேகப் பார்வை வந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் என் துணி நுனியைப் பிழிவதில் மும்முரமாகிவிட்டேன். சும்மா கடல் பார்க்க வந்தேன் என்று அக்கா சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். அவள் அப்படிச் சொல்லவில்லை. மெல்ல, உதட்டை மட்டும் அசைத்து ஏதோ சொன்னாள்.

“என்ன?” என்றார் மாமா.

மறுபடி சொன்னாள்.

“என்னன்னு சத்தமா சொல்லு!”

“உங்களுக்கு வேற ஒருத்தி இருக்கான்னு நெனச்சு வேவு பாக்க வந்தேன்!” என்று கத்தினாள். கடற்கரை முழுக்கக் கேட்டது. குடும்பம் குடும்பமாக நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

மாமா நம்பாமல் அவளையே பார்த்தார். பிறகு தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். இடுப்பில் தொங்கிய குளியலறைச் சாவிகளைப் பார்த்தார்.

“எனக்கா?”

“ஆமா.”

“நெசமாவா நெனச்ச?”

“ஆமாங்கறேன்ல!”

“பாவம்னு நெனச்சிடுவியோன்னுதான் மறைச்சேன்” என்றார் அவர். கொஞ்சம் மூச்சு வாங்கினார். “சந்தேகம்தானா? சந்தேகம் பரவாயில்ல.”

அக்கா அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: நான் சந்தேகப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. மறைத்தது அவர்தானே? மறைத்த பொருள்தான் வேறாகப் போய்விட்டது.

திரும்புகிற பஸ்ஸில் அவர்கள் இரண்டு பேரும் முன் சீட்டில், நான் பின் சீட்டில். எல்லோரும் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்ததால் கண்டக்டர் எங்களை முறைத்துக்கொண்டே போனார். அக்கா மாமாவின் கையைத் தட்டி அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

“எந்தக் காது கொஞ்சமாவது கேக்கும்?”

மாமா ஜன்னல் பக்கத்துக் காதைத் தொட்டுக் காட்டினார். அக்கா எழுந்து நின்று, ஓடுகிற பஸ்ஸில் தடுமாறியபடி, அவரை இந்தப் பக்கம் தள்ளி உட்காரவைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். பிறகு அந்தக் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் என்னவோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெல்லத் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

என்ன சொன்னாள் என்று எவ்வளவோ கேட்டுவிட்டேன், இன்றுவரை இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.